மீன் குஞ்சு விடுறதுக்கு எதுக்கு இத்தனை கேள்வி? கொலம்பியா ஆத்துப் பழங்குடி ஹேட்ச்சரிகளும் விஞ்ஞானிகள் பரிசீலனையும்

தூத்துக்குடியில மீன்வளம் படிக்கிற ஒரு தம்பி கேட்டிருந்த கேள்வி இது: "அண்ணே, அமெரிக்காவுல கொலம்பியா ஆத்துப் பக்கம் பழங்குடி மக்கள் சால்மன் ஹேட்ச்சரி, அதாவது மீன் குஞ்சு பொரிப்பகம், கட்டணும்னு திட்டம் குடுத்தா, அதை ஒரு விஞ்ஞானிகள் குழு உக்காந்து படிச்சு கேள்வி மேல கேள்வி கேட்டு திருப்பி அனுப்புதாம். முட்டைய பொரிச்சு குஞ்சை ஆத்துல விடுறதுல அப்படி என்ன சயின்ஸ் இருக்கு? அணை கட்டி மீனை அழிச்சது அரசாங்கம், நஷ்டப்பட்டது அவங்க, கடைசியில அவங்க திட்டத்தை மட்டும் ஏன் இப்படி நோண்டுறாங்க?"

தம்பி, இதுல ரெண்டு கேள்வி இருக்கு. முதல் கேள்வியில உங்க கூட நான் ஒத்துப்போக மாட்டேன், ரெண்டாவதுல முக்கால்வாசி ஒத்துப்போறேன். கொஞ்சம் நீளமா போகும், டீ எடுத்துக்கிட்டு உக்காருங்க.

முதல்ல மீனைப் பத்தி. நம்ம ஊர் மார்க்கெட்ல இந்தியன் சால்மன்னு சொல்லி விக்கிற காலா மீனுக்கும் இதுக்கும் எந்த சொந்தமும் இல்ல. பசிபிக் சால்மன் ஆத்துல பொறந்து, கடலுக்குப் போய் ரெண்டு மூணு வருஷம் வளந்து, பொறந்த அதே ஓடைக்கு மோப்பம் புடிச்சு திரும்பி வந்து முட்டை போட்டு செத்துப்போற மீன். கடலுக்குப் போறதுக்கு முன்னாடி உடம்பு உப்புத் தண்ணிக்கு மாறுற பருவத்துல இருக்கிற குஞ்சைத்தான் ஸ்மோல்ட்னு சொல்லுவாங்க, இந்த வார்த்தை அடிக்கடி வரும். முக்கியமான விஷயம் என்னன்னா ஒவ்வொரு ஓடைக்கும் தனித்தனி கூட்டம், எந்த மாசம் ஏறணும், எவ்வளவு கொழுப்பு சேத்து வைக்கணும், எந்தக் குளிர்ல முட்டை பொரியணும் எல்லாம் தலைமுறை தலைமுறையா அந்த ஓடைக்குன்னு செதுக்கப்பட்டது. இந்த ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கிட்டா பாதி கேள்விக்கு பதில் தானா வந்துடும்.

இப்போ கதை. 1855-ல யாக்கமா, யூமடில்லா, நெஸ் பெர்ஸ், வார்ம் ஸ்பிரிங்ஸ் மக்கள் அமெரிக்க அரசோட ஒப்பந்தம் போட்டு தங்களோட நிலத்துல பெரும்பகுதிய விட்டுக் குடுத்தாங்க, ஆனா வழக்கமா மீன் புடிக்கிற இடங்கள்ல எல்லாம் புடிக்கிற உரிமைய மட்டும் விடல, ஒப்பந்தத்துலயே எழுதி வாங்கிட்டாங்க. யாரோ அவங்களுக்கு குடுத்த சலுகை இல்ல இது, அவங்க கையில வச்சுக்கிட்ட உரிமை, 1905-லயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை ஒத்துக்கிச்சு. அப்புறம் அணைகள். 1938-ல போனவில், 1942-ல கிராண்ட் கூலி, அதுக்கு மேல மீன் போறதுக்கு வழியே இல்ல. 1957 மார்ச் 10-ஆம் தேதி டாலஸ் அணையோட கதவை மூடுனதும் ஆயிரக்கணக்கான வருஷமா மக்கள் மேடை கட்டி வலை போட்டு மீன் புடிச்ச செலைலோ அருவி சில மணி நேரத்துல தண்ணிக்குள்ள போயிடுச்சு. ஐடஹோவுல பொறக்குற ஒரு ஸ்மோல்ட் கடலுக்குப் போகணும்னா இன்னைக்கு எட்டு அணை தாண்டணும், வரும்போதும் அதே எட்டு.

அணை கட்டுனதுக்கு பரிகாரமா அரசாங்கம் 1938-ல மிட்செல் சட்டம்னு ஒண்ணு கொண்டுவந்து ஹேட்ச்சரிகளா கட்டித் தள்ளுச்சு. எங்க கட்டுனாங்க தெரியுமா? பெரும்பாலும் ஆத்தோட கீழ்ப்பகுதியில, கடலுக்குப் பக்கத்துல. கடல்ல மீன் புடிக்கிற கப்பல்காரனுக்கும் கீழ இருக்கிற கமர்ஷியல் மீனவனுக்கும் அது நல்லது, ஆனா பழங்குடிகள் மீன் புடிக்கிற இடம் மேல இருக்கு, மீன் திரும்பி வர்றது பொறந்த இடத்துக்குத்தான், கீழ விட்ட மீன் கீழயே நின்னுடும். மேல் ஆத்துல மீனை அழிச்சுட்டு கீழ் ஆத்துல பரிகாரம் பண்ணா என்ன பரிகாரம் அது? 1969, 1974 வழக்குகள்ல, முக்கியமா நீதிபதி போல்ட் குடுத்த தீர்ப்புல, புடிக்கக்கூடிய மீன்ல பாதி பழங்குடிகளுக்குன்னு வந்துச்சு. வந்து என்ன, பாதின்னாலும் மொத்தம் இருந்தாத்தானே பாதி. அதனாலதான் 1977-ல நாலு பழங்குடிகளும் சேந்து ஒரு மீன் ஆணையம் வச்சுக்கிட்டாங்க, தங்களோட சொந்த உயிரியலாளர்கள், சொந்த மரபியல் லேப், சொந்த ஹேட்ச்சரின்னு போக ஆரம்பிச்சாங்க. இவங்களை ஏதோ வலைய மட்டும் தெரிஞ்ச பாவப்பட்ட ஜனங்கன்னு நினைச்சுக்காதீங்க, சால்மன் மரபியல்ல இன்னைக்கு உலகத் தரமான வேலை நடக்கிற இடங்கள்ல அவங்க லேப்பும் ஒண்ணு.

பணம் எங்க இருந்து வருதுன்னா கரண்ட் பில்லுல இருந்து. 1980-ல ஒரு சட்டம் போட்டாங்க, அணைகள்ல இருந்து மின்சாரம் விக்கிற போனவில் மின் நிர்வாகம் மீனுக்கும் செலவு பண்ணணும், அந்தச் செலவுக்குத் திட்டம் போட வாஷிங்டன், ஓரிகன், ஐடஹோ, மொன்டானா நாலு மாநிலத்துல இருந்தும் ஆளுக்கு ரெண்டு பேர்னு எட்டு பேர் கொண்ட ஒரு கவுன்சில். பதினாறு வருஷம் ஓடுச்சு, ஏகப்பட்ட பணம் போச்சு, மீன் ஏறல. எந்தத் திட்டத்துக்குப் பணம்னு பரிந்துரை பண்றவங்களே அந்தப் பணத்தை வாங்கிக்கிறவங்களாவும் இருக்காங்கன்னு ஒரு புகார் கிளம்புச்சு, அதுல மாநில மீன் துறைகளும் உண்டு, பழங்குடிகளும் உண்டு. 1996-ல அந்தச் சட்டத்துல ஒரு திருத்தம் வந்து பதினோரு பேர் கொண்ட சுயேச்சையான அறிவியல் பரிசீலனைக் குழுவை உருவாக்குச்சு, சுருக்கமா ஐ.எஸ்.ஆர்.பி. பேர்களை தேசிய அறிவியல் அகாடமி சொல்லும், கவுன்சில் அதுல இருந்து நியமிக்கும்.

இதுல ஒரு கசப்பான விஷயம் இருக்கு, இதைச் சொல்லாம போனா ரெண்டாவது கேள்விக்கு நான் நேர்மையா பதில் சொன்னதா ஆகாது. அந்தத் திருத்தத்தைக் கொண்டுவந்தவர் செனட்டர் ஸ்லேட் கோர்ட்டன். அவர் யாருன்னா 1970-கள்ல வாஷிங்டன் மாநில அட்டர்னி ஜெனரலா இருந்து போல்ட் தீர்ப்பை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1979-ல தோத்தவர். பழங்குடிகளோட மீன் உரிமைய எதிர்த்து கோர்ட்ல நின்ன அதே ஆள் பேர்ல வந்த திருத்தத்துல பொறந்த குழு, தங்களோட ஹேட்ச்சரி திட்டத்தை எடை போடுதுன்னா எந்த ஊர்க்காரனுக்கும் புருவம் ஏறத்தான் செய்யும். ஆனா குழுவுல உக்காந்தவங்க அரசியல்வாதி இல்ல, மீன் உயிரியல், மரபியல், புள்ளியியல் படிச்சவங்க, அவங்க எழுதுன அறிக்கைகளைப் படிச்சா அரசாங்கத் திட்டத்தையும் அதே வாரு வாரியிருக்காங்கன்னு தெரியும்.

சட்டம் அவங்களைப் பாக்கச் சொன்னது நாலே நாலுதான். திட்டம் சரியான அறிவியல் அடிப்படையில நிக்குதா, மீனுக்கு நல்லது பண்ணுமா, நோக்கமும் விளைவும் தெளிவா இருக்கா, நடந்ததை அளந்து பாக்க ஏற்பாடு இருக்கா. அவ்வளவுதான். அவங்களுக்கு வீட்டோ கிடையாது, கவுன்சில் அவங்க சொன்னதைக் கேக்காமலும் போகலாம், ஆனா ஏன் கேக்கலன்னு எழுத்துல காரணம் சொல்லணும். இந்த எழுத்துல சொல்லணும்ங்கிறது லேசான விஷயம் இல்ல, பாதி சோம்பேறித்தனத்தை அதுவே ஒழிச்சுடும்.

ஹேட்ச்சரிக்கு மட்டும் மூணு படி. முதல் படியில மாஸ்டர் பிளான், அதாவது எந்த மீன், ஏன், எத்தனை, எங்க, எதுவரைக்கும். ரெண்டாவதுல ஆரம்பகட்ட டிசைனும் சுற்றுச்சூழல் ஆய்வும். மூணாவதுல இறுதி டிசைன். ஒவ்வொரு படியிலயும் விஞ்ஞானிகள் பாக்கலாம், கேள்வி கேக்கலாம், பழங்குடி உயிரியலாளர்கள் ஒவ்வொண்ணுக்கும் பதில் எழுதணும், அப்புறம் தேறுச்சு, நிபந்தனையோட தேறுச்சு, தேறலன்னு முடிவு சொல்லுவாங்க. ஒரு யோசனை கட்டடமா நிக்கிறதுக்குள்ள பத்து வருஷம் ஓடிப்போறது இதனாலதான்.

சரி, முட்டை பொரிக்கிறதுல என்ன சயின்ஸ்னு கேட்டீங்கல்ல. பொரிக்கிறதுல பெருசா ஒண்ணும் இல்ல, அது நூறு வருஷத்துக்கு முன்னாடியே கைவந்த வித்தை. கஷ்டம் எல்லாம் குஞ்சை விட்ட நிமிஷத்துல இருந்துதான் ஆரம்பிக்குது. ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். வருஷம் 5 லட்சம் ஸ்மோல்ட் விடப்போறோம்னு வச்சுக்கோங்க. ஸ்பிரிங் ஷினூக்னு வசந்தகாலத்துல ஆறு ஏறுற ஒரு சால்மன் வகையில ஒரு பெண் மீனுக்கு சுமார் 4,000 முட்டை, தொட்டியில 80 சதவீதம் பிழைச்சு ஸ்மோல்ட் ஆகுதுன்னா ஒரு தாய்க்கு 3,200, ஆக 156 பெண் மீன், அதே அளவு ஆண் மீன், மொத்தம் 312. இப்போ விட்ட ஸ்மோல்ட்ல நூத்துக்கு ஒண்ணு பெரிய மீனா திரும்பி வந்தா 5,000 வரும், 312-ஐ எடுத்து வச்சுட்டு மிச்சத்தைப் புடிக்கலாம், ஆத்துல முட்டை போட விடலாம், ஊரே கொண்டாடலாம். ஆனா ஆயிரத்துக்கு ஒண்ணுதான் வருதுன்னா? 500 மீன். அதுல 312 மறுபடி தொட்டிக்கே போயிடும். மிச்சம் 188-ஐ வச்சு புடிப்பும் வேணும் ஆத்துல இனமும் பெருகணும்னா நடக்குமா? அதே கட்டடம், அதே தொட்டி, அதே செலவு. திட்டத்துல அந்த ஒரே ஒரு எண்ணை 1-னு போடுறதா 0.1-னு போடுறதாங்கிறதுல எல்லாமே தலைகீழா மாறுது. பெரிய மீனா திரும்பி வர்ற விகிதம் 2-ல இருந்து 6 சதவீதம் இருக்கணும்னு கவுன்சில் இலக்கு வச்சிருக்கு, கொலம்பியாவோட கிளை ஆறான ஸ்னேக் ஆத்து ஷினூக் பெரும்பாலான வருஷம் அதைத் தொடுறதே இல்ல. அதனால பரிசீலனைக் குழு முதல்ல புடிக்கிறது இந்த எண்ணைத்தான், இதை எங்க இருந்து எடுத்தீங்க, நல்ல கடல் வருஷத்துல இருந்தா மோசமான வருஷத்துல இருந்தா, பாதியா குறைஞ்சா திட்டம் தாங்குமா?

அடுத்த கேள்வி, ஆத்துல இடம் இருக்கா? 2015-ல இதே வட்டாரத்துல இருக்கிற இன்னொரு சுயேச்சை அறிவியல் ஆலோசனைக் குழு ஒரு பெரிய அறிக்கை போட்டுச்சு. மீன் இவ்வளவு குறைஞ்சிருக்கும்போது ஆறு காலியா கிடக்கும், விட்டதெல்லாம் வளரும்னுதான் எல்லாரும் நினைச்சுட்டு இருந்தாங்க. பாத்தா அப்படி இல்ல, பல ஓடைகள்ல இப்போ இருக்கிற குறைஞ்ச எண்ணிக்கையிலயே குஞ்சுகள் இடத்துக்கும் தீனிக்கும் அடிச்சுக்குது, தாய் மீன் கூடக்கூட தாய் ஒண்ணுக்குக் கிடைக்கிற குஞ்சு குறையுது. அணைக்குள்ள மூழ்குனது போக, வயலுக்குத் தண்ணி திருப்புனது போக, மரம் வெட்டி வெயில் ஏறுனது போக மிச்ச இடம் கொஞ்சம். பழைய காலத்துல வருஷத்துக்கு 1 கோடியில இருந்து 1 கோடியே 60 லட்சம் மீன் வந்துச்சுன்னு சொல்ற பழைய கணக்கையும் அந்தக் குழு 50-ல இருந்து 90 லட்சம்னு குறைச்சு மதிப்பிட்டுச்சு. அப்போ ஒரு திட்டம் வந்து நாங்க இத்தனை லட்சம் கூடுதலா விடுறோம்னா, எந்த ஓடையில, அங்க ஏற்கனவே யாரு இருக்கா, இவங்க தீனிய அவங்க திங்க மாட்டாங்களான்னு கேக்கத்தானே செய்வாங்க. இடம்தான் பிரச்சினைன்னா அதிகக் குஞ்சு அதுக்கு மருந்து ஆகாது.

மூணாவதுதான் எல்லாரும் சண்டை போடுற இடம், மரபணு. தொட்டியில வளர்ற மீனுக்கு மேல இருந்து தீனி விழும், பருந்து வராது, வேகமான தண்ணி இல்ல, ஜோடி தேட வேண்டியதில்ல. அந்த வாழ்க்கைக்கு ஏத்த குஞ்சுதான் அதிகமா பிழைக்கும், ஆத்துக்கு ஏத்தது இல்ல. ஓரிகன்ல ஹூட் ஆத்துல ஸ்டீல்ஹெட்னு சால்மனுக்கு சொந்தக்கார மீன்களோட டி.என்.ஏ. வச்சு அப்பன் புள்ளை யாருன்னு கண்டுபுடிச்சு பாத்தாங்க, 2007-ல வந்துச்சு அந்த ஆய்வு, தொட்டியில வளத்த ஒவ்வொரு தலைமுறைக்கும் ஆத்துல குஞ்சு உண்டாக்குற திறமை சுமார் 40 சதவீதம் குறையுதுன்னு. இதைப் படிச்சவுடனே ஹேட்ச்சரி எல்லாத்தையும் மூடுன்னு ஒரு கூட்டம் கிளம்புச்சு. ஆனா நெஸ் பெர்ஸ் மக்கள் ஐடஹோவுல ஜான்சன் க்ரீக்னு ஒரு ஓடையில வேற மாதிரி பண்ணிட்டு இருந்தாங்க, ஹேட்ச்சரியில பொறந்த மீனைத் தாய் மீனா, அதாவது குஞ்சு பொரிக்க தொட்டிக்கு எடுக்கிற ஆண், பெண் மீனா, எடுக்கவே மாட்டாங்க, ஆத்துல பொறந்ததை மட்டும்தான் எடுப்பாங்க. 2012-ல வந்த டி.என்.ஏ. ஆய்வுல தொட்டிக்குப் போன மீனுக்கு ஆத்துல விட்ட மீனைவிட நாலு மடங்குக்கு மேல பெரிய மீன்கள் வாரிசா திரும்பி வந்திருந்துச்சு, அந்த வாரிசுகள் ஆத்து மீனோட கலந்து முட்டை போட்டதுல பெரிய சேதாரமும் தெரியல. மீன் வேற, ஆறு வேற, ரெண்டையும் நேரடியா ஒப்பிட முடியாதுதான், ஆனா எப்படி நடத்துறோம்ங்கிறதுல விஷயம் இருக்குன்னு காட்டுச்சு, அதைக் காட்டுனது ஒரு பழங்குடித் திட்டம்.

இதுக்கு ஒரு சின்ன சூத்திரம் வச்சிருக்காங்க, உங்க பாடத்துல வராது, ஆனா தெரிஞ்சுக்கோங்க. தாய் மீன்கள்ல ஆத்துல பொறந்தது எத்தனை பங்குன்னு ஒரு எண், ஆத்துல முட்டை போடுற மீன்கள்ல ஹேட்ச்சரி மீன் எத்தனை பங்குன்னு இன்னொரு எண். முதல் எண்ணை ரெண்டோட கூட்டுத்தொகையால வகுங்க. தாய் மீன் எல்லாமே ஆத்துல பொறந்தது, ஆத்துல பாதி ஹேட்ச்சரி மீன்னா 1-ஐ 1.5-ஆல வகுத்தா 0.67. தாய் மீன்லயும் பாதி ஹேட்ச்சரியா இருந்தா 0.5-க்கு விழுந்துடும். ரொம்ப முக்கியமான கூட்டங்களுக்கு 0.67-க்குக் கீழ போகக்கூடாதுங்கிறது ஹேட்ச்சரிகளை மதிப்பிடுறதுக்குன்னே அமெரிக்க காங்கிரஸ் ஏற்பாடு பண்ண இன்னொரு விஞ்ஞானிகள் குழுவோட பரிந்துரை. 0.5-க்கு மேலன்னா மீனோட குணத்தைச் செதுக்குறது ஆறு, கீழன்னா தொட்டி. பேப்பர்ல அழகா இருக்கும். ஆனா ஆத்துல பொறந்த மீனே அம்பதுதான் வருதுன்னா அதையும் புடிச்சு தொட்டிக்குள்ள போடுறதா, இல்ல ஆத்துல விடுறதா? அங்க சூத்திரம் கைய விரிச்சுடும், மனுஷன்தான் முடிவு எடுக்கணும்.

கிளி எலம் ஹேட்ச்சரிய எடுத்துக்கோங்க, யாக்கமா மக்கள் வாஷிங்டன் மாநிலத்துல 1997-ல ஆரம்பிச்சது. எனக்குப் புடிச்ச ஹேட்ச்சரி இது, ஏன்னா மீன் வளக்குறதையும் ஆராய்ச்சியையும் ஒண்ணாவே கட்டுனாங்க. மேல் யாக்கிமா ஆத்துல ஆத்துல பொறந்த தாய் மீனை மட்டும் வச்சு ஒரு வரிசை, பக்கத்துலயே முழுக்க ஹேட்ச்சரி மீனை வச்சு ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு வரிசை, நாச்சிஸ்னு ஒரு கிளை ஆத்துல கையே வைக்காம விட்டுட்டாங்க, அது கன்ட்ரோல். இப்படி ஒரு ஏற்பாடு இருந்ததாலதான் யாரும் எதிர்பாக்காத ஒண்ணு வெளிய வந்துச்சு. ஹேட்ச்சரியில வளத்த ஆண் குஞ்சுகள்ல 37-ல இருந்து 49 சதவீதம் ரெண்டு வயசுலயே பருவத்துக்கு வந்துடுது. கை அளவு மீன், கடல் பக்கமே போகாது, ஆத்துலயே சுத்தும். ஸ்மோல்ட் விட்டோம் ஸ்மோல்ட் விட்டோம்னு கணக்குல எழுதுறதுல ஆண்ல பாதி ஸ்மோல்ட்டே இல்ல! கொழுத்த தீனியும் வேகமான வளர்ச்சியும்தான் காரணம்னு புரிஞ்சுது. அளந்து பாக்காத எத்தனை அரசு ஹேட்ச்சரியில இது வருஷக்கணக்கா நடந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. நான் புள்ளிவிவரம் பாக்குற ஆள், தொட்டிப் பக்கம் போனா சட்டைய நனைச்சுக்கிட்டு வர்றதைத் தவிர ஒண்ணும் தெரியாது, ஆனா எண்ணிக்கைய மட்டும் பாத்து சந்தோஷப்படக்கூடாதுன்னு எனக்கு உறைச்சது இதைப் படிச்சப்போதான்.

கோஹோ கதை இன்னும் சுவாரசியம். வெனாச்சி, மெட்ஹவ் ஆறுகள்ல கோஹோ சால்மன் இருபதாம் நூற்றாண்டோட தொடக்கத்துலயே அழிஞ்சு போச்சு, மில்லுக்கு கட்டுன அணை, வலை போடாத பாசன வாய்க்கால், அளவில்லாத புடிப்பு. அந்த இனமே இல்ல, மீட்க ஒரு மீன்கூட மிச்சம் இல்ல. யாக்கமா மக்கள் 1990-கள்ல என்ன பண்ணாங்கன்னா கீழ் ஆத்து ஹேட்ச்சரி கோஹோவைக் கொண்டுவந்து மேல விட ஆரம்பிச்சாங்க. பரிசீலனை பண்றவன் கோணத்துல இருந்து பாருங்க: கடலுக்குப் பக்கத்துல கொஞ்ச தூரம் நீந்துறதுக்குப் பழகுன மீன், இங்க வெனாச்சிக்கு ஏழு அணை, மெட்ஹவுக்கு ஒன்பது அணை, எண்ணூறு கிலோமீட்டர் கிட்ட தூரம், வழியில திங்காது, உடம்புக் கொழுப்புலயே ஓடணும். இது எப்படி வரும்? வந்தாலும் அங்க அழிவின் விளிம்புல இருக்கிற ஸ்பிரிங் ஷினூக் குஞ்சுகளை இந்தக் கோஹோ குஞ்சுகள் தின்னுடாதா? ரெண்டுமே நியாயமான பயம். தின்னுதான்னு வயித்தைக் கிழிச்சே பாத்தாங்க, ரொம்பக் குறைவுன்னு வந்துச்சு.

முதல் பயத்துக்கு அவங்க போட்ட திட்டம்தான் எனக்கு ரொம்பப் புடிச்சது. முதல் கட்டத்துல எவ்வளவு கம்மியா இருந்தாலும் சரி, திரும்பி வந்த மீனை மட்டும் தாய் மீனா எடுத்து எடுத்து கீழ் ஆத்து முட்டைய நிறுத்துறது. ஏழு அணை தாண்டி வந்த மீனோட புள்ளைங்க அப்பன் ஆத்தாளைவிட கொஞ்சம் கெட்டியா இருக்கும்ல. ரெண்டாவது கட்டத்துல வெனாச்சி ஆத்துல டம்வாட்டர்னு ஒரு செங்குத்தான பள்ளத்தாக்கு இருக்கு, அதை ஏறி மேல போற தெம்பு இருக்கிற மீனா பாத்து எடுக்குறது. அதுக்கப்புறம்தான் ஓடைகள்ல இயற்கையா முட்டை போட விடுற கட்டங்கள், ஆத்துல பொறந்த மீன் கூடக்கூட ஹேட்ச்சரி பங்கைக் குறைச்சுக்கிட்டே போறது. ஒரு கட்டத்துல இருந்து அடுத்த கட்டத்துக்கு எப்போ போறதுன்னு முன்னாடியே எழுதி வச்சது. இப்படி எழுதி வச்சா நீங்க தோத்தா உங்களுக்கே தெரியும், யாரும் வந்து சொல்ல வேண்டியதில்ல. பரிசீலனைக் குழு திரும்பத் திரும்ப, எரிச்சல் வர்ற அளவுக்கு, எல்லாத் திட்டத்துலயும் கேக்குறது இதைத்தான்: எந்த எண்ணைப் பாத்தா நிறுத்துவீங்க? சால்மன் உலகத்துல கட்டி முடிச்ச ஹேட்ச்சரிய நிறுத்துனவங்க ரொம்பக் கம்மி, கான்கிரீட் போட்டாச்சு, வேலைக்கு ஆள் வச்சாச்சு, அப்புறம் அது தன்னைத்தானே நியாயப்படுத்திக்கும். அதனாலதான் கேள்விய கட்டுறதுக்கு முன்னாடியே கேக்கணும்.

இப்போ உங்க ரெண்டாவது கேள்வி, அவங்களை மட்டும் ஏன். மேல சொன்ன மிட்செல் சட்டத்து ஹேட்ச்சரிகள், ஸ்னேக் ஆத்து அணைகளுக்குப் பரிகாரமா கட்டுனது, எல்லாம் 1996-க்கு முன்னாடியே வந்துடுச்சு. அதுல பலதுக்கும் கட்டுறதுக்கு முன்னாடி இந்த மூணு படி பரிசீலனை கிடையாது, வெளி விஞ்ஞானி யாரும் உக்காந்து நாலு கேள்வி கேக்கல. கொலம்பியா ஆத்துல வருஷத்துக்கு 14 கோடி அளவுக்கு ஹேட்ச்சரி குஞ்சு விடுறாங்க, அதுல பழங்குடிகளோட புதுத் திட்டங்கள் ஒரு சின்னப் பங்கு. பந்தியில கடைசியா உக்காந்தவன் இலையில மட்டும் உப்பு சரியா இருக்கான்னு பாத்தா எப்படி இருக்கும்? அந்தக் கோபம் நியாயம். பின்னாடி பழைய ஹேட்ச்சரிகளையும் வெளி விஞ்ஞானிகள் வந்து பாத்தாங்க, கொலம்பியாவுக்கான அறிக்கை 2009-ல வந்துச்சு, ஆனா ஏற்கனவே ஓடிட்டு இருக்கிற ஹேட்ச்சரிக்கு பரிந்துரை சொல்றதும், கட்டுறதுக்கே அனுமதி இல்லன்னு காக்க வைக்கிறதும் ஒண்ணா?

இன்னொண்ணு. நோக்கம் என்னங்கிறதை விஞ்ஞானி முடிவு பண்ண முடியாது. வசந்தகாலத்துல முதல் சால்மன் வந்ததும் சடங்கு பண்ணி ஊரே சாப்பிடுறதுக்கு மீன் வேணும்னு ஒரு ஜனம் சொல்லுது, அது 1855 ஒப்பந்தத்துல எழுதுன உரிமை. ஒரு மரபியலாளர் வந்து நீங்க இருபது வருஷம் புடிக்காம இருந்தா ஆத்து மீனுக்கு நல்லதுன்னு சொன்னா, அறிவியலா சரியாகூட இருக்கலாம், ஆனா அது அவர் சொல்ல வேண்டிய இடம் இல்ல. அணைய உடைக்கிறதைப் பத்தி பேசாம மீனைப் புடிக்காதேன்னு சொல்றது யாருக்கு சௌகரியம்னு பழங்குடிகள் கேப்பாங்க, பதில் சொல்றது கஷ்டம். நல்ல பரிசீலனை அறிக்கை இந்த எல்லைய மதிக்கும், உங்க இலக்கு இது, இந்த வழியில போனா இலக்கை அடைய மாட்டீங்க, இந்த இந்த ஆபத்து இருக்குன்னு சொல்லிட்டு நிறுத்திக்கும். எல்லா அறிக்கையும் அப்படி நிறுத்திக்கிச்சான்னா, இல்ல.

நெஸ் பெர்ஸ் அனுபவத்தையும் சொல்லணும், ஏன்னா அங்க பழங்குடிகள் பிடிவாதமா நின்னது சரிதான்னு எனக்கு இப்போ தோணுது. ஸ்னேக் ஆத்து இலையுதிர்கால ஷினூக் 1990-ல லோயர் கிரானைட் அணையைத் தாண்டினது, ஆத்துல பொறந்ததுன்னு எண்ணுனா, வெறும் 78 மீன். எழுபத்தெட்டு! 1992-ல ஆபத்துல இருக்கிற இனம்னு பட்டியல்ல சேத்தாங்க. ஹேட்ச்சரி மீனை மேல விட்டா மிச்சம் இருக்கிற ஆத்து மீனோட மரபணு கெட்டுடும்னு தயங்குனவங்க நிறைய. பழங்குடிகள் விடல, சண்டை போட்டு 1990-களோட பிற்பாதியில அணைக்கு மேல குஞ்சுகளைப் பழக்கி விடுற இடங்களைக் கொண்டுவந்தாங்க, 2002-ல க்ளியர்வாட்டர் கரையில தங்களோட சொந்த ஹேட்ச்சரிய ஓட்ட ஆரம்பிச்சாங்க. 2014-ல அந்த அணையைத் தாண்டின இலையுதிர்கால ஷினூக் சுமார் 60,000. ஸ்னேக் ஆத்துல 1980-கள்லயே அழிஞ்சுபோன கோஹோவையும் 1995-ல இருந்து திரும்பக் கொண்டுவந்தாங்க, அதே 2014-ல 18,000-க்கு மேல வந்துச்சு, ஐடஹோ மாநிலம் தூண்டில்காரங்களுக்கு கோஹோ சீசனே திறந்து விட்டுச்சு. எதிர்த்தவங்களும் போய் புடிச்சிருப்பாங்கன்னு நினைக்கிறேன்.

ஆனா தம்பி, பரிசீலனை பண்றவன் இங்கயும் ஒரு கேள்வி வச்சிருக்கான், அதையும் மறைக்கக்கூடாது. அந்த 60,000-ல பெரும்பகுதி ஹேட்ச்சரி மீன், ஆத்துல முட்டை போடுறதுலயும் ஹேட்ச்சரி மீன்தான் அதிகம். எல்லாம் கலந்து கிடக்கும்போது, நாளைக்கு ஹேட்ச்சரிய நிறுத்துனா இந்த ஆறு தன் காலுல நிக்குமான்னு கண்டுபுடிக்கவே வழி இல்ல, ஏன்னா கையே வைக்காத ஒரு நாச்சிஸ் அங்க இல்ல. மீன் வந்துச்சு, ஆனா ஏன் வந்துச்சுங்கிறதுக்கு முழு விடை இல்ல, கடலும் நல்லா இருந்துச்சு, அணையில தண்ணி வழிய விட்டதும் கூடுச்சு, புடிப்பும் குறைஞ்சுது. தாய் மீன் ஒவ்வொண்ணோட டி.என்.ஏ.வையும் எடுத்து வச்சு, எந்த அணையில எந்த மீன் சிக்குனாலும் அது யார் வீட்டுப் புள்ளைன்னு சொல்ற முறைய இப்போ பெருசா பயன்படுத்துறாங்க, அடையாளத்துக்காக குஞ்சோட மூக்குல கம்பித் துணுக்கு செருகுறதைவிட எவ்வளவோ மேல், அது இந்தக் கேள்வியோட ஒரு பாதிக்கு பதில் தரும்.

எல்லா ஹேட்ச்சரியும் சால்மனுக்கு இல்லங்கிறதையும் சொல்லிடுறேன். ஐடஹோவோட வடக்கு மூலையில கூட்னி மக்கள் வளக்குறது வெள்ளை ஸ்டர்ஜன், மனுஷனைவிட நீளமா வளர்ற, மனுஷன் அளவுக்கு வருஷம் உயிர் வாழ்ற மீன். 1970-கள்ல லிபி அணை வந்ததும் வசந்தகால வெள்ளம் நின்னுச்சு, பெரிய மீன்கள் முட்டை போடும், ஆனா குஞ்சு தேறி வர்றது அனேகமா நின்னே போச்சு, 1994-ல அழிவின் விளிம்புன்னு அறிவிச்சாங்க. அங்க பரிசீலனையோட கேள்வியே வேற, மரபணு கெடுமான்னு கேட்டுட்டு இருந்தா கெடுறதுக்கு மீனே இருக்காது, கிழடாகிட்டு இருக்கிற மீன்கள்ல எத்தனை குடும்பத்தை சாகுறதுக்கு முன்னாடி தொட்டி வழியா காப்பாத்தி வைக்க முடியும்ங்கிறதுதான் கணக்கு. பெண் ஸ்டர்ஜன் முட்டை போட ஏறக்குறைய 30 வயசாகணும். அவங்க முதல் குஞ்சுகளை ஆத்துல விட்டது 1990-களோட தொடக்கத்துல, அதுல பெண் மீன்கள் இப்போதான் பருவத்துக்கு வருது.